அம்மாவுக்கு என்ன வரும்

“…வேற என்னங்க வரும் எனக்கு? அதேதான். எம் பொண்ணு சரியாத்தான் எழுதியிருக்கு” என்றாள் அம்மா.

எங்கள் தெருப் பள்ளிக்கூடத்தில் இருபது இருபத்தைந்து பெண்கள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கிராம சேவிகா ஒரு அட்டையைக் கையில் பிடித்தபடி நின்றார். அட்டையில் இருந்தது என் எழுத்து. அது பொய் என்று அந்த அறையில் சேவிகாவைத் தவிர எல்லாருக்கும் தெரியும். எழுதியவளுக்கு அப்போது பத்து வயசு.

அம்மா அடுத்ததாக என்ன செய்தாள் என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் எடுத்த எடுப்பில் சொல்ல மனசு வரவில்லை. நீங்களும் என் வயசுக்காரர்கள்தானே, முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே கேளுங்கள். கொஞ்சம் சுற்றிக்கொண்டு வருகிறேன்.

போன மாதம் எங்கள் மகளிர் குழுவுக்குப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தது. என் பேத்தி வயசு இருக்கும். “பக்கத்துல இருக்கவங்ககிட்ட இருக்கிற நல்ல விஷயம் ஒண்ணே ஒண்ணு எழுதி, அவங்க மேலேயே ஒட்டி விடுங்க” என்று கலர் சீட்டுக் கொடுத்தது. என் பக்கத்தில் இருந்தவள் டீக்கடைக்காரம்மா. யோசிக்கவே இல்லை, எழுதி என் தோளில் ஒட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ‘பொறுமை’. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் பல்லைக் காட்டினேன். வீட்டுக்கு வந்து பிய்த்துப் போட்டுவிட்டேன். அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. எதனால் என்று வீட்டில் கேட்டார்கள். உங்களிடம்தான் சொல்கிறேன்.

எங்கள் ஊருக்கு நீடாமங்கலத்தில் பஸ் மாறி, பாலத்தில் இறங்கி, வாய்க்கால் கரையோடு நடக்க வேண்டும். சம்பா நடவு முடிகிற சமயம். ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்யும். நடவுக்குப் போய்வந்த பெண்களின் கெண்டைக்காலில் சேறு காய்ந்து சாம்பல் பூத்திருக்கும், நடக்க நடக்கச் செதில் செதிலாக உதிரும். அந்தக் காலோடுதான் சனிக்கிழமை சாயங்காலம் மாதர் மன்றத்துக்கு வருவார்கள். மன்றம் என்றால் தனிக் கட்டடம் இல்லை. எங்கள் ஒரு வாத்தியார் பள்ளிக்கூடம்தான். சனிக்கிழமை அது பெண்களுக்கு.

நடத்தியவர் அரசாங்கம் அனுப்பிய கிராம சேவிகா. நாங்கள் சேவிகாம்மா என்போம். சீர்காழிப் பக்கத்துக்காரர், சின்ன வயசு. ஒரு குடை, ஒரு தகரப் பெட்டி. அவர் ரவிக்கையின் வலது தோள் இறங்கிக்கொண்டே இருக்கும். பேச்சுக்கு நடுவில் இழுத்து இழுத்து விட்டுக்கொள்வார். அம்மா முதல் நாளே என் காதில் சொன்னாள்: “வலது பக்கம் அரை விரல் கூட வெட்டிட்டான் பாவி. குடுத்தாங்கன்னா அரை மணியில சரி பண்ணிடலாம்.” ஆனால் அதை அந்த அம்மாவிடம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

முதல் நாள் சேவிகாம்மா கேட்டது ஒரே கேள்வி.

“உங்களுக்கெல்லாம் என்ன வரும்?”

பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். மூலையிலிருந்து ஒருத்தி, “எங்களுக்கு என்னங்க வரும், வெள்ளம் வரும்!” என்றாள். அவ்வளவுதான், கட்டு அவிழ்ந்தது.

“எனக்குக் கோவம் வரும்.”

“எனக்கு உக்காந்தா தூக்கம் வரும்.”

“அவளுக்கு வருஷா வருஷம் வயித்துல வரும்!”

ஓடு பறக்கச் சிரித்தார்கள். சேவிகாம்மாவும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் நிதானமாகச் சொன்னார்: “உங்களையே கேட்டா ஒண்ணும் வராதும்பீங்க. இனிமே உங்களைக் கேக்க மாட்டேன். உங்க பக்கத்துல இருக்கவங்களைக் கேப்பேன்.”

யோசித்துப் பாருங்கள், நம் பேச்சில் எதுவும் நம்மிடம் இருப்பதாகச் சொல்ல மாட்டோம். பாட்டு வரும், கோலம் வரும், கணக்கு வரும். எங்கிருந்தோ வருகிறது, நாம் சும்மா வாசல்படி மாதிரி கிடக்கிறோம். வராவிட்டாலும் கேட்க ஆளில்லை. சேவிகாம்மா அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொண்டார்.

அவர் செய்தது வீண் வேலை இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் ஒரு வாத்துக்காரம்மா இருந்தாள். புருஷனோடு வாத்து மேய்ப்பவள். பெரிய தெரு முனையைக் கடக்கும்போது குனிந்தபடி ஓடுவாள். அவளுக்கு என்ன வரும் என்று கேட்டதற்கு, “வாத்தைக் கூப்பிட வரும்” என்று யாரோ கிண்டலாகச் சொன்னார்கள். சேவிகாம்மா கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. “எங்க, கூப்பிடுங்க” என்றார். அவள் வெட்கப்பட்டு முந்தானையை வாயில் அடைத்தாள். அப்புறம் எழுந்து வாசலில் நின்று, தொண்டைக்குள்ளேயே உருட்டி ஒரு சத்தம் கொடுத்தாள். வாய்க்காலில் எங்கோ கிடந்த வாத்தெல்லாம் கரையேறி, ஈரம் சொட்டச் சொட்டப் பள்ளிக்கூட வாசலுக்கு வந்து நின்றது. சேவிகாம்மா எழுந்து நின்று கை தட்டினார். மறுநாள் வாத்துக்காரம்மா பெரிய தெரு முனையில் கை வீசி நடந்தாள்.

“என்னடி வாத்து, நெஞ்சு நிமிருது?”

“எனக்கு வரும்டி. உனக்கு வருமா?”

அப்படி ஒவ்வொருத்தியாக நிமிர்ந்த பருவம் அது. அதனால்தான் நான் செய்தது இன்னும் கசக்கிறது.

என் அம்மாவுக்கு வந்தது கண்ணளவு. ஒரு ஆளை நடக்கும்போது ஒரு தரம் பார்த்தால் போதும். இஞ்சி டேப் கிடையாது, மாதிரி ரவிக்கை கேட்க மாட்டாள். துணியை மடியில் விரித்து, அப்பா தாடி மழித்துப் போட்ட பிளேடால் வெட்டுவாள். வாயில் நூல், கையில் ஊசி. மழை பெய்து நடவில்லாத நாளில் காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைப்பதற்குள் ஒரு ரவிக்கை. போட்டுப் பார்த்தால் அச்சில் வார்த்த மாதிரி நிற்கும். “துணி பொய் சொல்லாது, டேப்புதான் சொல்லும்” என்பாள். தெருவில் பாதிப் பெண்கள் உடம்பில் என் அம்மாவின் தையல்தான் இருந்தது. சேவிகாம்மாவுக்கு அது தெரியாது. அம்மாவைக் கேட்டால், “எனக்கு ஒண்ணும் வராதுங்க” என்று பின்வரிசைக்கு நகர்ந்துவிடுவாள்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் தங்கை. அவள் புருஷன் வடக்கே வேலைக்கென்று போனவன் போனவன்தான். பிறந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். அம்மாவுக்கும் அத்தைக்கும் விடிந்தால் சண்டை. உலையில் அரிசி போட்டதற்கு, போடாததற்கு, அடுப்பு புகைந்ததற்கு. “ஒரு உறையில ரெண்டு கத்தி” என்று தெருவில் சொல்வார்கள். அத்தைக்கு ஊசியில் நூல் கோக்க வராது. கோத்துத் தரச் சொல்லி என்னிடம்தான் வருவாள்.

ஒரு சனிக்கிழமை சேவிகாம்மா புதுச் செய்தி கொண்டுவந்தார். தஞ்சாவூரில் ஆறு மாதத் தையல் பயிற்சி. தங்க இடம், சாப்பாடு எல்லாம் அங்கேயே. முடித்து வரும்போது ஒரு தையல் மிஷின். மன்றத்துக்கு ஒரு ஆள்தான்.

“யாருன்னு நான் சொல்ல மாட்டேன். அட்டை சொல்லும்” என்றார். கட்டாக அட்டை கொடுத்தார். பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டியவை. ஒரு பக்கம் யார் யாரோ மாப்பிள்ளை, பெண். மூலையில் மஞ்சள் தடவிய கறை. மறு பக்கம் வெறுமை. “ஆளுக்கு ஒரு அட்டை. தன்னைப் பத்தித் தான் சொல்லக் கூடாது. பக்கத்துல உக்காந்திருக்கவங்க சொல்லணும், பாப்பா எழுதணும். நான் இருந்தா என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லுவீங்க. அதனால நான் கிளம்புறேன். அடுத்த வாரம் வந்து படிக்கிறேன்.”

பாப்பா என்றால் நான். எங்கள் தெருவில் வளர்ந்த பெண்களில் ஒருத்திக்கும் எழுத்துக் கூட்டத் தெரியாது. எழுதத் தெரிந்தது எனக்குத்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் கூடி எழுதுவது என்று பேசிக்கொண்டார்கள். என் கையில் ஒரு காப்பியிங் பென்சில். உங்களுக்கு நினைவிருக்கும், நாக்கில் தொட்டு எழுதினால் ஊதாவாகப் பிடிக்கும், அப்புறம் என்ன தேய்த்தாலும் போகாது. இப்போது தேடினாலும் கிடைக்காது.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே அம்மா ஆளே மாறிவிட்டாள். ரசம் தாளிக்கும்போது தனக்குள்ளே சிரித்தாள். அத்தையிடம்கூட, “தஞ்சாவூர்ல மிஷினைக் கால்லயா ஓட்டுவாங்க, கையிலயா?” என்று கேட்டாள். சண்டை போடாமல் அவர்கள் பேசி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சோறு தின்ன உட்கார்ந்த அப்பா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். “உங்கம்மா தஞ்சாவூருக்குப் போயி மிஷின் ஓட்டப் போறா. நீ பள்ளிக்கூடத்தை விட்டு நின்னு இங்க அடுப்பை ஓட்டு.”

அம்மா, “சும்மா இருங்க, புள்ளை நெசம்னு நெனச்சுக்கும்” என்றாள்.

நினைத்துக்கொண்டேன். அப்பாவுக்கு அது கேலி. எனக்கு அது தீர்ப்பு. எனக்கு வந்தது படிப்பு ஒன்றுதான். வகுப்பில் சின்ன ‘ர’வுக்கும் பெரிய ‘ற’வுக்கும் வித்தியாசம் தெரிந்தது எனக்கு மட்டும்தான். அம்மா போனால் தம்பியை யார் தூக்குவது, உலையை யார் வைப்பது என்று படுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். வீட்டில்தான் அத்தை இருக்கிறாளே என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதை எனக்கு யாரும் எடுத்துச் சொல்லவும் இல்லை. ஒரு வார்த்தை போதும். கேலி பேசத் தெரிந்த வீட்டில் அந்த ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கூடினோம். பென்சிலை நக்கி நக்கி எழுதினேன். என் நாக்கு ஊதாவாகிவிட்டது என்று எல்லாரும் சிரித்தார்கள். ‘பிரசவம் பார்க்க வரும்.’ ‘கணக்கு வரும்.’ ‘சிரிக்க வைக்க வரும்.’ அத்தையின் முறை வந்தபோது பக்கத்தில் இருந்தவள் அம்மா. எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள், “வாய் வரும்” என்பாள் என்று. அம்மா அத்தையைத் திரும்பிப் பார்த்தாள்.

“அவளுக்குப் பயம் வராது. எழுதிக்க.”

அத்தைக்கு முகம் என்னவோ ஆகிவிட்டது. பதிலுக்கு ஏதாவது சண்டைக்கு இழுப்பாள் என்று பார்த்தால், இப்படிச் சொன்னாள்: “எங்க அண்ணிக்குக் கண்ணளவு வரும். டேப்பு இல்லாம வெட்டும், மிஷின் இல்லாம தைக்கும். இந்தத் தெருவில யாருக்கும் அது வராது. தஞ்சாவூருக்குப் போகணும்னா அதுதான் போகணும். நல்லாப் பெரிசா எழுது.”

அதே உறையில் இருந்த இன்னொரு கத்தி சொன்னது அது. எல்லாரும் “ஆமா, ஆமா” என்றார்கள். அம்மா தலையைக் குனிந்து கால் சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

நான் தலையைத் தூக்கினேன். எதிர்ச் சுவரில் வாத்தியார் காவிக்கட்டியால் எழுதிவைத்திருந்தார்: பொறுமை கடலினும் பெரிது. முதல் வார்த்தையைப் பார்த்து எழுதினேன். பெரிய ‘ற’ போட்டுத்தான் எழுதினேன், தப்பில்லாமல்.

“எழுதிட்டியா? எங்க, படி” என்றாள் அத்தை.

அட்டையை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, “கண்ணளவு வரும்” என்று படித்தேன்.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொல்வார்கள். எந்த ஊரில் ஆண்டார்களோ. எங்கள் ஊரில் பொறுத்தவர்கள் பூமியை நட்டார்கள், களை பறித்தார்கள், அறுத்தார்கள். சாயங்காலம் முதுகை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்து உலை வைத்தார்கள்.

அந்த அட்டை அம்மாவை விடவே இல்லை. பிற்பாடு தெருவில் யாருக்கு உடம்புக்கு முடியாமல் போனாலும், எந்த வீட்டில் புத்தி கலங்கிய கிழவர் இருந்தாலும், “அதுக்குத்தான் பொறுமை வரும், அட்டையிலயே போட்டிருக்குல்ல” என்று அம்மாவைத்தான் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவர்களில் அன்றைக்கு “ஆமா, ஆமா” போட்டவர்களும் உண்டு. முதலில் அதை நமுட்டுச் சிரிப்போடு சொன்னார்கள். போகப் போகச் சிரிப்பு நின்றுவிட்டது, பேர் நிலைத்துவிட்டது. ஒரு வார்த்தையைப் பத்துப் பேர் சொன்னால் அது பொய்யாக இருந்தாலும் உடம்பில் ஏறிவிடுகிறது. வாத்துக்காரம்மாவை நிமிர்த்தியதும் அதுதான், என் அம்மாவைக் கூன வைத்ததும் அதுதான்.

மிஷின் வேறொருத்திக்கு வந்தது; யாருக்கு என்று கடைசியில் தெரியும். நீடாமங்கலம் கடைத்தெருவில் அவள் கடை போட்டாள். டேப் வைத்து அளந்து தைத்தாள். சுமாராகத்தான் தைத்தாள், ஆனாலும் மிஷின் தையல் என்று எங்கள் தெருப் பெண்களும் அங்கேதான் போனார்கள். அம்மாவுக்கு அந்தக் கடையிலிருந்து மூட்டையாக வேலை வரும். கொக்கி வைப்பது, ஓரம் மடித்துத் தைப்பது. வருஷக்கணக்காக அடுத்தவர் வெட்டிய ரவிக்கைக்கு அம்மா கொக்கி வைத்தாள். சில சமயம் ஒன்றைத் தூக்கிப் பார்த்து, “கைக்குழியில ஒரு விரல் போயிடுச்சு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கொக்கியை வைத்து மடித்துவிடுவாள்.

நான் படித்தேனா என்று கேட்பீர்கள். அந்தத் தை மாதமே நின்றுவிட்டேன். அறுவடைக்கு அம்மா போக வேண்டும், வீட்டில் ரெண்டு கைப்பிள்ளை. “அஞ்சு வரைக்கும் படிச்சாச்சு, போதும்” என்றார் அப்பா. இந்தத் தரம் கண்ணைச் சிமிட்டவில்லை. அதற்கப்புறம் நான் படித்ததெல்லாம் மளிகைக் கடைப் பொட்டலம் கட்டின காகிதத்தில்தான்.

அம்மா என்னை ஒரு தரம்கூடக் கேட்கவில்லை, ஏன் அப்படி எழுதினாய் என்று. கேட்டிருந்தால் அழுது தீர்த்திருப்பேன். கடைசியில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கண் பாதி போய்விட்டது. ஊசி போட வந்த நர்ஸ் பெண் போன பிறகு என் கையைப் பிடித்து இழுத்தாள். ஏதோ சொல்லப் போகிறாள் என்று குனிந்தேன். “அந்தப் பொண்ணு சட்டையில இடுப்புல ரெண்டு விரல் பிடிக்கணும்” என்றாள்.

சரி, இனிச் சுற்றிப் பயனில்லை. அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

சேவிகாம்மா அட்டைகளை ஒவ்வொன்றாகப் படித்தார். ஒவ்வொன்றுக்கும் கை தட்டல். அத்தையின் அட்டையைப் படித்ததும், “பயம் வராதா! அப்படியா?” என்று வியந்து அவளை எழுப்பி நிற்க வைத்தார். அத்தை இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். அடுத்தது அம்மாவுடையது.

“பொறுமை” என்று படித்தார்.

கை தட்ட எடுத்த கையெல்லாம் அப்படியே நின்றது. “இல்லீங்க, நான் அப்படிச் சொல்லலியே!” என்றாள் அத்தை. “நான் சொன்னது கண்ணள… ஏ குட்டி, அன்னைக்கு என்னடி படிச்சே நீ?”

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அம்மாவும் பார்த்தாள். ஒரு ஆளை ஒரு தரம் பார்த்தால் அவளுக்குப் போதும் என்று சொன்னேன் இல்லையா. என்னையும் அப்படி ஒரு தரம்தான் பார்த்தாள். அப்புறம் சேவிகாம்மா பக்கம் திரும்பி, ஆரம்பத்தில் சொன்னேனே, அதைச் சொன்னாள்.

சேவிகாம்மாவுக்குச் சந்தோஷம். “பொறுமைங்கிறது லேசுப்பட்ட குணமா? குழந்தைங்களை வளக்க இவங்களை மாதிரி ஆள் வேணும்” என்றார். பிறகு அட்டைக் கட்டைப் புரட்டிப் பார்த்தார். அதில் தையல் என்று ஒன்று இல்லை. தோளை இழுத்து விட்டுக்கொண்டு அத்தையைப் பார்த்தார். “தையல் அங்க கத்துக் குடுத்துடுவாங்க. ஊரு விட்டு ஊரு போயி ஆறு மாசம் தனியா இருக்கத்தான் பயமில்லாத ஆள் வேணும். நீங்க போறீங்களா?”

“நானா? எனக்கு நூல் கோக்கவே வராதுங்க” என்றாள் அத்தை. அழுகிற குரல். “இதுக்கு இப்பத்தான் பால் மறக்க வச்சிருக்கேன். இதை யாருகிட்ட விட்டுட்டுப் போவேன்? அண்ணி, நீ வாயைத் தொறந்து சொல்லேன், அண்ணி!”

அம்மா எழுந்தாள். உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி அத்தையிடம் போனாள். அத்தையின் புடவையைப் பிடித்திருந்த பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக விடுவித்தாள். அது வீறிட்டு அழ அழத் தூக்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டு, வந்த இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.